தம்பி பெயரில் வந்த பணம்

அவளைப் பல்லக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். பல் மருத்துவமனையின் மாடியறையில் அவளுக்கு வேலை. கீழே டாக்டர் நோயாளியின் வாயில் எடுத்த அச்சு மேலே வரும். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் பிரித்தெடுத்து, அந்த வெள்ளைத் தாடையின் மேல் மெழுகை உருக்கி வைத்து, உடைந்த பல்லுக்குப் பதிலாக ஒரு முழுப் பல்லைச் செதுக்குவாள். பிறகு அது உலைக்குப் போய், பல்மேல் மாட்டும் கேப்பாகத் திரும்பி வரும். கீழே புதிதாகச் சேர்ந்த வரவேற்புப் பெண்ணிடம், "இதை மேல பல்லக்கா கிட்ட குடுத்துடு" என்று டாக்டர் சொன்னபோது, "பல்லக்கா? நம்ம ஆஸ்பத்திரியில அதெல்லாம் கூட இருக்கா டாக்டர்?" என்று அந்தப் பெண் கேட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லிக் கீழே இன்னும் சிரிப்பார்கள்.

பல்லக்கா அவ்வளவாகச் சிரிக்கிறவள் இல்லை. வேலை நேரத்தில் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விடுவாள். வேகமாக ஊதினால் மெழுகுத் தூள் கண்ணில் விழும். விளக்கில் கத்தியைக் காட்டி, மெழுகைத் தொட்டு, சீவி, திருப்பிப் பார்த்து, மறுபடியும் சீவுவாள். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களை அவள் இழைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தால், பார்க்கிறவர்களுக்கு நேரம் போவதே தெரியாது.

அப்படி நேரம் போவது தெரியாமல் நின்ற முதல் ஆள் அவளுடைய தம்பி. அடுத்த தெருவில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். ஏதோ வேலையாக மாடிக்கு வந்தவன், அவள் தலைக்குப் பின்னால் நின்று சத்தமில்லாமல் படம் பிடித்து, இணையத்தில் போட்டுவிட்டான். முகம் இல்லை, பேச்சு இல்லை. இரண்டு கை, ஒரு கத்தி, ஒரு பல். மெழுகு சீவும் 'சர்க், சர்க்' என்ற சத்தம் மட்டும்.

கொஞ்ச நாளிலேயே அவள் பார்த்திராத நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து எழுத ஆரம்பித்தார்கள். போனே அதைத் தமிழாக்கிக் காட்டும். 'உங்கள் பற்கள் என் மூளையைத் துவைக்கின்றன' என்று ஒருவர். 'விவாகரத்துக்குப் பிறகு நான் உறங்குவது உங்கள் கடைவாயினால்' என்று ஒரு பெண். பல்லக்கா அதைப் படித்துவிட்டுத் தன் கடைவாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

தூக்கம் வராதவர்கள்தான் பெரும்பாலும் பார்த்தார்கள். பார்த்தவர்களில் சிலர் மாதாமாதம் ஒரு சிறு தொகை அனுப்பவும் தயாராக இருந்தார்கள். அந்தப் பணம் எந்த வழியாக வரும் என்று தம்பி ஒரு நாள் அவளுடைய மேஜையில் படிந்திருந்த பிளாஸ்டர் தூளில் விரலால் கோடு போட்டுக் காட்டினான்.

"இங்க பார்க்குறவங்க. அவங்க கார்டுல இருந்து ஒரு தளத்துக்குக் காசு போகும். தளம் தன் பங்கை எடுத்துக்கும். மீதி இன்னொரு கம்பெனியில நம்ம பேர்ல சேரும். அவங்க அந்த ஊர்க் காசை நம்ம ஊர்க் காசா மாத்துவாங்க, அதுக்கும் கொஞ்சம் பிடிச்சுக்குவாங்க. அங்கிருந்து பாங்க்குக்கு."

"இத்தனை பேர் கடிச்ச பிறகு எனக்கு என்னடா மிஞ்சும்?"

"நீ செஞ்சு குடுக்குற பல்லுதானேக்கா, நல்லாத்தான் கடிக்கும்."

ஆனால் அந்தக் கம்பெனி அவளை ஏற்றுக்கொள்ளவில்லை. அடையாள அட்டையில் அவள் பெயர் அப்பா பெயரோடு ஒரு விதமாக இருந்தது. பாங்க்கில் வீட்டுக்காரர் பெயரோடு வேறு விதமாக இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தானா என்று கம்பெனி கேட்டுக்கொண்டே இருந்தது. தாள்களைத் திரும்பத் திரும்ப அனுப்பியும் நடக்கவில்லை. கடைசியில் தம்பிக்குச் சலித்துப்போனது.

"விடுக்கா. என் பேர்ல போட்டுடலாம். காசு வந்ததும் உன் கையில குடுத்துடுறேன்."

அவன் சொன்னபடியே செய்தான். மாதம் பிறந்ததும் பணத்தை எடுத்து வந்து, பிடித்தம் எவ்வளவு என்று போனில் காட்டி, சில்லறை வரைக்கும் எண்ணிக் கொடுப்பான். அதில் ஒரு டீக்குக்கூட அவன் எடுத்ததில்லை.

முதலில் அந்தப் பணம் கைச்செலவுக்கு ஆனது. பிறகு அதுவே குடும்பச் செலவானது. சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த அவளுடைய வீட்டுக்காரருக்கு முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது. பாரம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் முன்னறையில் பலகை போட்டுப் படுத்திருந்தார். திரும்பிப் படுக்க வேண்டுமென்றால்கூட ஒரு ஆள் வேண்டும். வாடகையும் மருந்துச் செலவும் மாடியறைச் சம்பளத்தில் அடங்கவில்லை. கடல் தாண்டி வந்த பணம்தான் இழுத்துப் பிடித்தது.

மாமியாருக்கு மட்டும் இது எப்போதும் வியப்புதான். "எங்கயோ தூக்கம் வராதவன் நீ பல்லு சீவுறதைப் பார்த்துத் தூங்குறான், காசும் குடுக்குறான். இங்க உன் புருஷன் வலியில கண்ணு மூடாம கிடக்கான். இவனுக்கும் ஒரு தடவை காட்டிப் பாரேன்" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் பனிக்கரடி வந்தான்.

இணையத்தில் அவன் வைத்திருந்த படம் ஒரு பனிக்கரடி. பெயர் ஏதோ வாயில் நுழையாத பெயர். ஒரு நாள் மதியம் பல்லக்கா கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. வழக்கமாக ஒரு டீக்காசு, மிஞ்சினால் ஒரு சாப்பாட்டுக் காசு வரும். இந்த முறை ஆறு மாத வாடகைக்குச் சமமான தொகை ஒரே அடியாக வந்திருந்தது. ஈரக் கையோடு அப்படியே நின்றாள். எண்ணைத் தப்பாகப் படிக்கிறோமோ என்று கீழே போய் வரவேற்புப் பெண்ணிடம் காட்டினாள். அவளும் அதையேதான் படித்தாள்.

'உங்கள் கைகள் என் தாயாருக்கு அமைதி தந்தன. இது எங்கள் நன்றி' என்று எழுதியிருந்தான்.

அன்றைக்கு முழுக்க அவள் கால் தரையில் படவில்லை. முதுகுக்கு ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கலாம், அறுவை சிகிச்சை என்றால்கூடப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் பணத்தைச் செலவு செய்துகொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் இன்னொரு செய்தி. 'பெரிய தவறு நேர்ந்துவிட்டது. ஒரு பூஜ்யம் அதிகமாக அழுத்திவிட்டேன். தாயார் மருத்துவமனையில் இருக்கிறார். நீங்கள் நல்லவர். பாதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியை மட்டும் இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்.' கீழே நீளமாக ஒரு கணக்கு எண்.

வீட்டில் பலகையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். தம்பியும் வந்திருந்தான்.

"அடுத்தவன் காசு தொண்டையில நிக்கும். முழுசாத் திருப்பிக் குடுத்துடும்மா" என்றார் வீட்டுக்காரர், கூரையைப் பார்த்தபடியே.

"அவனே பாதியை வெச்சுக்கன்னு வாயாரச் சொல்றான். நீ என்னடா முழுசா குடுக்கச் சொல்ற?" என்றாள் மாமியார்.

பல்லக்காவுக்கு வேறொன்று உறுத்தியது. "ஏன்டா, தளத்துலயே காசைத் திருப்பி அனுப்ப ஒரு பட்டன் இருக்குன்னு முன்ன சொன்னியே? அதை அழுத்தினா அவன் கார்டுக்கே போயிடும்ல?"

"போயிடும். ஆனா தளம் பிடிச்ச பங்கு திரும்பி வராதுக்கா. அது நம்ம கையில இருந்துதான் போகும்."

"போகட்டும். வந்த வழியிலயே போகட்டும்."

"சரி, கடையில கொஞ்சம் வேலை இருக்கு. முடிச்சுட்டுச் செய்யுறேன்" என்று தம்பி எழுந்து போனான். அந்தப் பட்டனை அழுத்த அவனுடைய போனுக்கு வரும் ரகசிய எண் வேண்டும். அவளால் செய்ய முடியாது.

பணம் உங்கள் கார்டுக்கே வந்துவிடும் என்று பல்லக்கா பனிக்கரடிக்கு எழுதினாள். பதில் உடனே வந்தது. 'வேண்டாம். அந்தக் கார்டை மூடிவிட்டேன். நான் சொன்ன கணக்குக்கே அனுப்ப வேண்டும்.'

'கார்டை மூடினாலும் உங்கள் பாங்க் உங்களுக்குத் தராதா?' என்று கேட்டாள்.

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. அதற்கு அடுத்து வந்ததெல்லாம் வேறு குரல். தாயார் சாகக் கிடக்கிறார், நீ காசைப் பிடித்து வைத்திருக்கிறாய் என்றான். பிறகு அவளுடைய ஒவ்வொரு படத்தின் கீழும் போய், 'இந்தப் பெண் திருடி. நோயாளியின் பணத்தைத் தின்றவள்' என்று எழுத ஆரம்பித்தான். வேறு வேறு பெயர்களில் இன்னும் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாம் அவனேதானா, அவனுடைய ஆட்களா என்று யாருக்குத் தெரியும்? பல மாதங்களாக அன்பாகப் பேசியவர்கள்கூட, 'இது உண்மையா?' என்று கேட்டார்கள். சிலர் சத்தமில்லாமல் விலகிப் போனார்கள். அவள் யாரிடம் போய் என்ன சொல்வாள்? அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய இரண்டு கைகள் மட்டும்.

அந்தக் கைகள் நடுங்க ஆரம்பித்தன. ஒரு முன்பல்லைச் செதுக்கும்போது கத்தி வழுக்கி, முடிந்த வேலை இரண்டாகப் பிளந்தது. அடுத்ததும் சரியாக வரவில்லை. டாக்டர் மேலே ஏறி வந்து, உடைந்த மெழுகைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல டாக்டர். மனசு."

"மனசை வீட்டுல வெச்சுட்டு வா. கீழ ஒருத்தர் பல்லு இல்லாமக் கல்யாணத்துக்குப் போக முடியாம உக்காந்திருக்கார்" என்று சொல்லிவிட்டு டாக்டர் இறங்கிப் போனாள். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் பல்லக்காவுக்கு முகம் சூடானது.

தம்பிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தாள். 'வேலையா இருக்கேன்' என்று செய்தி மட்டும் வந்தது. பட்டனை அழுத்தினானா இல்லையா? அதற்குப் பதில் இல்லை.

அவன் வந்தது வார இறுதிக்கு முந்தின நாள். மாடிப்படி ஏறி வரும் சத்தத்திலேயே ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. எப்போதும் தடதடவென்று வருகிறவன், அன்றைக்கு ஒவ்வொரு படியாக வந்தான். உள்ளே வந்து பிளாஸ்டர் மூட்டை மேல் உட்கார்ந்தான். சட்டையெல்லாம் வெள்ளையாவதைக் கவனிக்கவில்லை.

"கணக்கை முடக்கிட்டாங்கக்கா."

"யாரு?"

"கம்பெனிக்காரங்க. அந்தக் கரடி அனுப்பினது யார் கிட்டயோ திருடின கார்டுல இருந்து. கார்டுக்குச் சொந்தக்காரங்க பாங்க்குல சொல்லி, முழுப் பணத்தையும் திரும்ப இழுத்துக்கிட்டாங்க."

பல்லக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "இழுத்துக்கட்டும். அது நம்ம காசு இல்லையே. நாம தொடலையே."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"தொட்டியாடா?"

"எனக்கும் எழுதினான்க்கா. கணக்கு என் பேர்லதானே இருக்கு. என் முழுப் பேரு, கடைப் பேரு, கடை இருக்குற தெரு, எல்லாம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. போலீஸ்ல சொல்லி உள்ள தள்ளிடுவேன்னான். எனக்குக் கை கால் ஓடல. பாதியை அவன் சொன்ன கணக்குக்கு அனுப்பிட்டேன். அதோட தொலைஞ்சான்னு நெனச்சேன்."

பல்லக்காவுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, ஒரு வெறுமை. போன பாதி அந்தக் கரடியின் பை சேர்ந்துவிட்டது. முழுப் பணத்தையும் கார்டின் சொந்தக்காரர் பாங்க் வழியாகத் திரும்ப எடுத்துக்கொண்டார். நடுவில் விழுந்த பள்ளத்துக்கு அவர்களுடைய பணம்தான் போக வேண்டும்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ வேண்டாம்னு சொல்லுவ."

"அதுக்குத்தான்டா சொல்லணும்!" என்று கத்திவிட்டாள். கீழே இருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. திருட்டுக் கார்டில் வந்த பணத்தில் பாதியை, முன்பின் தெரியாத கணக்குக்கு அனுப்பியது ஏன் என்று கம்பெனி கேட்டிருந்தது. கணக்குக்காரர் அடையாள அட்டையோடு காணொளி அழைப்பில் வந்து பதில் சொல்ல வேண்டும். சரியான பதில் இல்லாவிட்டால் காவல்துறைக்கு எழுதுவோம். அதுவரை, மாதாமாதம் கொடுப்பவர்கள் அனுப்பிய பணமும் சேர்த்து எல்லாம் நிறுத்தி வைக்கப்படும்.

வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? திருட்டுப் பணத்தை ஒரு கையில் வாங்கி மறு கையில் கடத்திவிடுகிற கூட்டத்தில் ஒருவன் மாதிரித்தான் தம்பி தெரிவான். அதை நினைத்ததும் பல்லக்காவுக்குக் கோபமெல்லாம் பயமாக மாறிவிட்டது.

"நான்தான் பல்லு செதுக்குறேன்னு சொல்லிடுறேன்க்கா. கணக்கும் என் பேரு, வேலையும் என் வேலைன்னு ஆயிடும். இன்னொருத்தர் காசுக்கு என் பேரைக் குடுத்தேன்னு தெரிஞ்சா அதுவே தப்பாம். விதியில இருக்கு, இப்பத்தான் படிச்சேன்."

"இப்பத்தான் படிச்சியா?"

"அவ்வளவு நீளமா எழுதி வெச்சிருந்தா யாரு படிப்பாங்கக்கா?"

வேறு வழி தெரியாமல் அவளும் ஒத்துக்கொண்டாள். மருத்துவமனை விடுமுறை நாளில் அவனை மேஜையில் உட்கார வைத்துக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழகிய கை, அழுத்தம் அதிகம். மெழுகு ஒவ்வொரு முறையும் பெயர்ந்து வந்தது. கடைவாய்ப் பல் என்று அவன் செய்து காட்டியது, பாதி கடித்துப் போட்ட சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. கடைசியில் ஆள்காட்டி விரலையும் வெட்டிக்கொண்டான். பிளாஸ்திரி ஒட்டிவிடும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

அழைப்பு வந்தது ஒரு மதிய நேரத்தில். டாக்டரிடம் கேட்டு மாடியறையைச் சாத்திக்கொண்டார்கள். தம்பி மேஜைக்கு முன்னால் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போன் தாங்கியில் நின்றது. அதற்குப் பின்னால், படத்தில் விழாதபடி, சுவரோடு சுவராகப் பல்லக்கா நின்றாள்.

திரையில் கண்ணாடி போட்ட ஒரு வெளிநாட்டுக்காரர். பக்கத்துக் கட்டத்தில், தமிழில் மாற்றிச் சொல்ல ஒரு பெண். வணக்கம் சொல்லிவிட்டு அந்தப் பெண், "நான் பேச்சை மாத்திச் சொல்றது மட்டும்தாங்க. முடிவெல்லாம் அவரோடது" என்றாள்.

அட்டையைக் காட்டச் சொன்னார்கள். காட்டினான். பாதிப் பணத்தை அனுப்பியது ஏன் என்றார்கள். தம்பி அதற்கு மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னான்: மிரட்டினான், பயந்துவிட்டேன், அனுப்பிவிட்டேன். மிரட்டல் செய்திகளைப் படித்துக்கூடக் காட்டினான். அந்த மனிதர் எதையோ தட்டிக் குறித்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"படங்கள்ல வேலை செய்யுறது நீங்கதானான்னு கேக்குறார்."

"ஆமாங்க."

"கையைக் கொஞ்சம் காட்டச் சொல்றார்."

தம்பி இரண்டு கையையும் தூக்கினான். பிளாஸ்திரி திரை முழுக்கத் தெரிந்தது. அந்த மனிதர் குனிந்து பார்த்தார். பிறகு நிதானமாக ஏதோ சொன்னார்.

"படங்கள்ல இருக்குற கையில, கட்டைவிரலுக்குக் கீழ ஒரு நீளமான தீக்காயத் தழும்பு இருக்குதாம். உங்க கையில அது இல்லையேன்னு கேக்குறார்."

தம்பி தன் கையைத் திருப்பிப் பார்த்தான். "அது... அது ஆறிடுச்சு."

"போன மாசப் படத்துல கூட இருந்துச்சாம்."

தம்பி கையை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டான்.

"பரவாயில்லை, ஒரு பல் செதுக்கிக் காட்டுங்கன்னு சொல்றார்."

தம்பி கத்தியை எடுத்தான். விளக்கில் காட்டினான். அதிக நேரம் காட்டிவிட்டான். தொட்ட இடத்தில் மெழுகு உருகி ஓடியது. அவன் நெற்றியில் வியர்வை கோடாக இறங்குவதைப் பல்லக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னும் ஒரு பொய் சொல்வான். அதை மூட இன்னொன்று சொல்வான். சொல்லச் சொல்ல அவன் உண்மையாகவே அந்தக் கரடியின் ஆளாகத்தான் தெரிவான்.

சுவரை விட்டு வந்தாள். தம்பியின் தோளைத் தொட்டு, "எந்திரிடா" என்றாள்.

"அக்கா, வேண்டாம்..."

"எந்திரின்னு சொல்றேன்ல."

நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையைத் திரைக்கு நேராக நீட்டினாள். தழும்பு பளிச்சென்று தெரிந்தது.

"கை என்னோடது. வேலையும் என்னோடது. பேரு மட்டும்தான் இவனோடது. என் அட்டையில ஒரு பேரு, பாங்க்குல ஒரு பேரு. உங்க ஆளுங்க ஏத்துக்கல. அதனால இவன் பேர்ல போட்டோம். தப்புன்னு தெரியாது. தெரிஞ்ச பிறகும் இப்ப இவனைப் பொய் சொல்ல வெச்சேன். அது என் தப்பு. ஆனா இவன் திருடன் இல்ல. வந்த காசுல கடைசிச் சில்லறை வரைக்கும் எங்கிட்ட குடுத்தவன்."

அந்தப் பெண் மாற்றிச் சொல்லி முடிக்கும்வரை யாரும் அசையவில்லை. அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"நீங்க செதுக்கிக் காட்டுங்கன்னு சொல்றார்."

பல்லக்கா கத்தியைத் துடைத்து விளக்கில் காட்டினாள். முதல் சீவல் நடுங்கியது. இரண்டாவது சீவலில் கை தன் வேலையை எடுத்துக்கொண்டது. ஒரு மேடு, அதன் சரிவு, நடுவில் பள்ளம். திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். போதும் என்று அவர் சொன்னது கொஞ்சம் தாமதமாகத்தான்.

அவர் நீளமாகப் பேசினார். அந்தப் பெண் குறிப்பெடுத்துக்கொண்டு சொன்னாள். "உண்மையைச் சொன்னதுக்கு நன்றி சொல்றார். உங்க தம்பியை ஏமாந்தவர்னுதான் எழுதுவாராம். தம்பி உங்க ஊர்ப் போலீஸ்ல ஒரு புகார் குடுத்து, அதோட நகலை அனுப்பணும். ஆனா கணக்கு ஒருத்தர் பேர்ல, வேலை ஒருத்தரோடதுங்கிறதால இந்தக் கணக்கை மூடித்தான் ஆகணுமாம். நிறுத்தி வெச்ச பணத்துல, அந்த ஏமாத்துக்காரன் கிட்ட போனதைப் பிடிச்சுக்கிட்டு, மீதியை அனுப்பினவங்களுக்கே திருப்பிடுவாங்களாம். உங்களுக்கு எதுவும் வராது."

"எதுவுமேவா?"

"எதுவுமே வராதுங்க." குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, இது அவர் சொன்னதில்ல, நான் சொல்றேன். முதல்ல பேரைச் சரி பண்ணுங்க. சரி பண்ணிட்டு உங்க பேர்லயே புதுசா ஆரம்பிங்க."

திரை அணைந்தது. தம்பி சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்து வந்த மாதங்கள் லேசாக இல்லை. வாடகை தள்ளிப்போனது. வீட்டு ஓனர் வாசலில் வந்து நிற்பதும், மாமியார் அவரிடம் தன் மகனின் முதுகைப் பற்றி ஆதியோடு அந்தமாகச் சொல்லி அவரை ஓட வைப்பதும் வழக்கமாயின. டாக்டர் வேறு இரண்டு மருத்துவமனைகளின் கேப் வேலையை வாங்கிக் கொடுத்தாள். வீட்டுக்காரர் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, தான் ஓட்டிய வேன் கம்பெனியிலேயே போன் எடுக்கும் வேலைக்குப் போனார். சம்பளம் பாதிதான். ஆனால் பலகையை விட்டு எழுந்ததே அவருக்குப் பாதி குணம் தந்தது.

பெயர் திருத்தும் அலுவலகத்துக்குப் பல்லக்கா நடையாக நடந்தாள். அங்கே ஜன்னலுக்குள் இருந்தவர் இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டு, "இதுல எதும்மா நீங்க?" என்றார்.

"ரெண்டும் நான்தாங்க."

"ஒண்ணைத்தான் போட முடியும்."

அப்பா பெயரோடு இருந்ததையே போடச் சொன்னாள். வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர், "எந்தப் பேரா இருந்தா என்ன, காசு வந்து சேர்ந்தாச் சரி" என்றார். அதில் லேசாக ஒரு வருத்தம் இருந்தது. அவள் அதைக் கிளறவில்லை.

புதுக் கணக்கு கிடைத்த அன்று, முதல் முறையாகப் படத்தில் பேசினாள். முகத்தைக் காட்டவில்லை, கையை மேஜையில் வைத்துக்கொண்டு, நடந்ததையெல்லாம் தமிழிலேயே சொன்னாள். கீழே எழுத்தில் மொழிபெயர்ப்பு ஓடியது. பழைய ஆட்களில் மூன்றில் ஒரு பங்குகூடத் திரும்பி வரவில்லை. 'நீங்கள் பேசியிருக்க வேண்டாம். சத்தம் மட்டும் நன்றாக இருந்தது' என்று ஒருவர் எழுதினார். விவாகரத்தான அந்தப் பெண் மட்டும், தனக்குத் திரும்பி வந்த பணத்தை அப்படியே மறுபடியும் அனுப்பியிருந்தாள். பாங்க்கிலிருந்து கூப்பிட்டு, வெளிநாட்டுப் பணம் எதற்காக வருகிறது என்று கேட்டார்கள். "பல்லு செதுக்குறேன், அதைப் பார்க்குறவங்க குடுக்குறாங்க" என்றாள். மறுமுனையில் இருந்தவர், "பல்லா?" என்று இரண்டு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டார்.

தம்பி போலீஸில் புகார் கொடுத்து நகலை அனுப்பிவிட்டான். ஆனால் அந்த மதியத்துக்குப் பிறகு மாடிப் பக்கம் வரவில்லை. மாதம் பிறந்தால் யார் கையிலாவது ஒரு தொகை கொடுத்தனுப்புவான். அவள் திருப்பி அனுப்புவாள். மறு மாதமும் வரும். ஒரு நாள் அவளே கடைக்குப் போனாள். அவன் ஒரு போனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தான்.

"இதெல்லாம் எதுக்குடா அனுப்புற?"

"என்னாலதானேக்கா போச்சு."

"உன்னாலதான் போச்சு. உன்னாலதான் வந்துச்சு. ரெண்டையும் நீயே சுமக்கணுமா?"

அவன் குனிந்து ஒரு திருகாணியைத் தேடினான். அது அவள் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தாள். அவனுக்கு அவள் மேல் கோபம் இல்லை, தன் மேல்தான். அது ஆறக் கொஞ்ச காலம் ஆகும் என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கார்டு யாரோடதுடா? கேட்டுப் பார்த்தியா?"

"கேட்டேன். சொல்ல மாட்டாங்களாம்."

"யாரோ ஒருத்தர். ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பார்த்தா அவ்வளவு பணத்தைக் காணோம்னா எப்படிப் பதறியிருப்பாங்க?"

"அவங்களுக்குத்தான் திரும்பக் கிடைச்சிடுச்சேக்கா."

"ஆமா, கிடைச்சிடுச்சு" என்றாள் பல்லக்கா. தம்பி அடுத்த கடையைப் பார்த்து இரண்டு டீ என்று குரல் கொடுத்தான்.